கழிப்பறைக் கதவடியில் ஒரு நன்றி

ஒரு மனிதர் சிறுநீர் கழித்துவிட்டு வந்து கடவுளுக்கு நன்றி சொல்வதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு கடுப்பாக மாறிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. கழிப்பறைக் கதவைச் சாத்திவிட்டு வருவார். குழாயடியில் கையை வடிவாகக் கழுவித் துடைப்பார். பிறகு நடைவழியிலேயே நின்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். நான் வெங்காயம் வெட்டுகிற மேசையிலிருந்து பார்த்தால் நேரே தெரிவார். முகத்தைப் பார்த்தால் பூசையில் நிற்கிறவர் மாதிரி இருக்கும். அவருக்குப் பின்னால் கழிப்பறைக் கதவு.

அவர் எங்கள் குசினியின் மஷ்கியா. யூதச் சமய விதிப்படி சமையல் நடக்கிறதா என்று பார்க்க அவர்களின் குருமாரான ரபிமார் வைக்கிற ஆளுக்கு அப்படிப் பெயர். பாரிசில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பின்தெருவில், யூதர்களின் கல்யாணங்களுக்கும் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கும் சமைத்துக் கொடுக்கிற இடத்தில் நான் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். பத்ரோன், அதுதான் முதலாளி, ஒன்பது மணிக்குத்தான் வருவார். காலை ஆறு மணியிலிருந்து நானும் இந்த மனிதரும்தான். தூனிசியாவில் பிறந்தவர், என் வயதுதான் இருக்கும்.

சேர்ந்த முதல் நாளே அவரோடு முறுகல். அடுப்பின் திருகியில் கை வைத்தேன். வெங்காயக் கூடையைத் தாண்டி ஓடிவந்து தடுத்தார். அடுப்பை யூதர் ஒருவர்தான் மூட்ட வேண்டுமாம். பாத்திரத்தையும் அவரே தூக்கி வைக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு நான் கிண்டலாம், உப்புப் போடலாம், உருசி பார்க்கலாம், என்னவும் செய்யலாம். நெருப்பு மட்டும் என் கையால் கூடாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னாரில் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் யார் எந்த வாங்கில் உட்காருவது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நான் கடைசி வாங்கில் வளர்ந்தவள். என் கை பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. அதற்காகவா கடல் கடந்து பாரிசுக்கு வந்தேன் என்று அன்று முழுக்கப் புறுபுறுத்தேன். கையைப் பற்றிய கதை இல்லை, நாட்டின் ஜனாதிபதியே வந்தாலும் இந்த அடுப்பை மூட்ட முடியாது என்று அவர் விளங்கப்படுத்தினார். ஜனாதிபதி வெங்காயம் உரிக்க வரப்போவதில்லை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, முதுகுவலியோடு நாற்பது லீற்றர் பானையைத் தானே தூக்கி அடுப்பில் வைத்தார். சரி, தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுப்பைப் பொறுத்துக்கொண்டேன். கழிப்பறை நன்றியைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

என் கணவருக்கு இரண்டு கிட்னியும் போய் அப்போது மூன்று வருடம். கிழமைக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணித்தியாலம், ஆசுப்பத்திரியில் இரத்தத்தை மெசினில் விட்டுக் கழுவி எடுப்பார்கள். அவருக்குச் சலம் போவது நின்றே போயிற்று. சிறுநீரை நாங்கள் சலம் என்போம். ஒரு சொட்டும் இல்லை. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கி, கால் வீங்கி, மூச்சு வாங்கும். அதனால் ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான். காலையில் ஒரு போத்தலில் அளந்து மேசையில் வைப்பேன். தேத்தண்ணி, மருந்து விழுங்குவது, கோடையில் தொண்டை காய்வது எல்லாம் அந்தப் போத்தலுக்குள்தான். பின்னேரம் மூன்று மணிக்கு என் மனுசன் போத்தலைத் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதைப் பார்க்கக் கூடாதென்றே நான் அந்த நேரத்தில் வீட்டுக் குசினிக்குள் ஏதாவது வேலையை எடுத்துக்கொள்வேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் சனத்துக்கு வருத்தக்காரன் ஒருவன் இருந்தால் போதும், எல்லாரும் டொக்டர். மரக்கறிக் கடையில் நின்றால், வாழைத்தண்டைச் சாறு பிழிந்து குடுங்கோ, கிட்னி கழுவுப்படும் என்பார்கள். அவருக்கு வாழைத்தண்டும் இளநீரும் குடுத்தால் இதயம் நின்றுவிடும் என்று டொக்டர் எழுதியே தந்திருக்கிறார். சொன்னால் நம்பாமல் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பங்குச் சுவாமியார் வந்து, ஆண்டவர் தாங்கக்கூடிய சிலுவையைத்தான் தருவார் என்றார். தாங்காமல் விட்டால் தரமாட்டாரோ என்று கேட்க வாய் உன்னியது. மகள் என் கையைப் பிடித்து அமத்தினாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக லூர்து யாத்திரை போன ஒரு அக்கா, மாதா சுரூபம் போட்ட போத்தலில் புனித நீர் கொண்டுவந்து தந்தார். விசுவாசத்தோடு முழுவதையும் குடிக்கச் சொன்னார். நான் அந்தத் தண்ணீரையும் அளந்து, அன்றைய அரை லீற்றரில் கழித்தேன். என் மனுசனுக்கு அன்று தேத்தண்ணி இல்லை. மாதாவின் தண்ணீரைக் குடித்துவிட்டு, தேத்தண்ணி எண்டால் நல்லாயிருக்கும் என்று அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்குக் கோபம் பற்றி எரிந்தது. யார்மேல் எரிந்தது என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும்.

இந்த நிலையில்தான் நாளுக்கு ஆறு தடவை கழிப்பறைக்குப் போய்வந்து முணுமுணுக்கிற மனிதர் என் கண் முன்னால் நின்றார். ஒரு வியாழக்கிழமை, வெட்டிய வெங்காயத்தை வழித்துப் போட்டுக்கொண்டே, கடவுளிடம் அப்படி என்னத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். என் குரலில் இருந்த நக்கல் அவருக்கு விளங்கவில்லை. ஒருவர் தன் செபத்தைப் பற்றிக் கேட்டுவிட்டாரே என்று முகமெல்லாம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட சின்ன அட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். ஒரு பக்கம் எபிரேயம், மறுபக்கம் பிரெஞ்சு. சின்ன வயதில் தாய் சொல்லிக்கொடுத்ததாம். சாப்பிடுகிற பாணுக்கு ஒரு நன்றி, பழத்துக்கு ஒரு நன்றி, காலையில் கண் திறந்ததற்கு ஒரு நன்றி, இது உடம்புக்கு நன்றி என்றார்.

வேலை முடிந்து, மேலே மெத்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழாக லா சப்பலை நோக்கி நடந்துகொண்டே வாசித்தேன். என் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் அந்த அட்டை விளங்கப் போதுமானது. மனிதனை ஞானத்தோடு படைத்து, அவனுக்குள் துவாரங்களையும் குழாய்களையும் வைத்தவருக்கு நன்றியாம். திறக்க வேண்டியது ஒன்று அடைபட்டாலோ, மூடியிருக்க வேண்டியது ஒன்று திறந்துகொண்டாலோ, ஒரு மணிநேரமும் அவர் முன்னால் நிற்க ஏலாதாம்.

நடைபாதையில் நின்றுவிட்டேன். அடைபட்டால் நிற்க ஏலாது என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு அடைத்திருக்கிறார். வீட்டில் ஒரு மனுசன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். இங்கே ஒருவர் போகிற ஒவ்வொரு தடவையும் ரசீது கொடுக்கிற மாதிரி நன்றி கொடுக்கிறார். போகாதவன் என்னத்தைக் கொடுப்பது? அந்த அட்டையைக் கிழித்திருப்பேன். பிளாஸ்டிக் உறை கிழியவில்லை.

மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை எங்கள் குசினியில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், சனிக்கிழமைச் சாப்பாடு வெள்ளி மதியத்துக்குள் வெந்து வீடுகளுக்குப் போய்விட வேண்டும். ஆறு மணிக்கு நான் திறப்பைப் போட்டு உள்ளே போனேன். அவர் இல்லை. ஆர்.ஈ.ஆர். ரயில் கார் து நோர் நிலையத்துக்கு முன்னால் இடைவழியில் நின்றுவிட்டது, வந்துவிடுவேன், பொறுத்திருங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார். இறைச்சி, கடலை, கோதுமை எல்லாம் பெரிய பானையில் தயாராக இருந்தது. ஆறரை மணி ஆயிற்று. ஏழாகப்போயிற்று. அட்டை என் ஏப்ரன் பைக்குள் கிடந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நேரம் போகிறதே என்ற நல்லெண்ணமும் இல்லை. வேண்டுமென்றே செய்தேன். பானையைத் தூக்கி வைத்தேன், திருகியைத் திருகினேன். பக்கென்று நீலமாகப் பிடித்தது. பார், என் கையாலும் பிடிக்கிறது என்று மேலே பார்த்துச் சொன்னேன். மேலே புகை உறிஞ்சும் மெசின்தான் இருந்தது.

ஏழே முக்காலுக்கு அவர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். பானை கொதிக்கிறதைப் பார்த்துவிட்டு, பத்ரோன் நேரத்தோடு வந்தாரா என்று கேட்டார். பத்ரோனும் யூதர். அவர் மூட்டியிருந்தால் பிழையில்லை. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சரி. ஆனால் பொய் சொன்னால் என் கோபம் வீணாகப் போய்விடும். ஆகவே உண்மையைச் சொன்னேன்.

“நான்தான் மூட்டினேன். தெரிந்துகொண்டுதான் மூட்டினேன்.”

அவர் போய் அடுப்பை நிறுத்தினார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதற்குத்தான் ஆயத்தமாக நின்றேன். அவர் என்னைப் பார்த்து, ஏன் என்று மட்டும் கேட்டார்.

மூன்று வருடமாக எல்லாரும் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குள் இருந்ததெல்லாம் தமிழும் பிரெஞ்சுமாகக் கொட்டுண்டது. மெசின், போத்தல், மூன்று வருடமாக ஒரு சொட்டும் போகாதது, மாதாவின் தண்ணீர், எல்லாம். கடைசியில் அட்டையை எடுத்து மேசையில் எறிந்து, உங்கள் கடவுள் அடைத்து வைத்த ஒரு ஆள் என் வீட்டில் இருக்கிறார், அவருக்கு எந்த நன்றி இருக்கிறது, அதைத் தேடித் தாருங்கள் என்றேன்.

அவர் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் குந்திவிட்டார். நான்கு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த எனக்கு வீட்டில் இப்படி ஒரு வருத்தக்காரர் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. நல்ல பதில் ஒன்று வரும் என்று நினைத்தேன். சமயக்காரர்களிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். இவர் அட்டையை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஒன்பது மணிக்கு வந்த பத்ரோன் கத்தவேண்டிய அளவுக்கு மேலாகவே கத்தினார். பானையை முறைப்படி கொதிநீரில் சுத்திகரிக்க வேண்டும், உணவை ஒரு வாடிக்கையாளருக்கும் கொடுக்க முடியாது, எல்லாவற்றையும் திரும்பச் சமைக்க வேண்டும். பிழை தன்னுடையது, நேரத்துக்கு வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அந்த மனிதர் இடையில் புகுந்து சொன்னார். எனக்காகப் பரிந்து பேச அவரை யார் கேட்டது என்று அதற்கும் எனக்குச் சினம் வந்தது. ஆனால் என் வேலை தப்பியது அந்த ஒரு சொல்லால்தான்.

இரண்டாவது பானை அவர் கையால் அடுப்பில் ஏறிய பிறகு, முதல் பானைச் சாப்பாட்டை நானும் அவரும் வான் வண்டியில் ஏற்றி, மெத்ரோப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோனோம். அங்கே கூடாரங்களில் இருக்கிற அகதிச் சனத்துக்கு விலக்கு ஒன்றும் இல்லை. யார் மூட்டினது என்று ஒருவரும் கேட்கவில்லை. சூடான் நாட்டுப் பொடியன் ஒருவன் தட்டை வாங்கி, முதல் வாய்க்கு முன்னால் தன் பாசையில் கடவுளைச் சொன்னான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. கூடாரத்தில் படுக்கிறவன் நன்றி சொல்கிறான், கழிப்பறைக்குப் போனவர் நன்றி சொல்கிறார், இந்த ஊரில் சொல்லாதவள் நான் ஒருத்திதானோ என்று இருந்தது.

திரும்பி வரும்போது அவர் என் கணவரின் பெயரைக் கேட்டார். பிறகு அவருடைய தாயின் பெயரைக் கேட்டார். வருத்தக்காரருக்காகச் செபிக்கும்போது தாயின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்களாம். இந்த நாட்டில் எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வியாக இருந்தது. என் மாமியாரோடு நான் பதினைந்து வருடம் சண்டை பிடித்தவள். அவர் செத்த பிறகும் மனதுக்குள் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அந்த மனுசியின் பெயரை ஒரு தூனிசிய யூதர் தன் செபக்கூடத்தில் நாளுக்கு மூன்று தரம் சொல்லப் போகிறார். செபம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்றேன். ஆனால் நான் சொன்ன பெயரைப் பிழையாகத் திருப்பிச் சொன்னார், அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மூன்று தரம் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த மாதம்தான் டொக்டர் கூப்பிட்டு, சோதித்துப் பார்த்ததில் என் கிட்னி என் கணவருக்குப் பொருந்துகிறது என்று சொன்னார். நான் உடனே சம்மதித்தேன். அதோடு தொடங்கியது அடுத்த கூத்து. கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசியில், பொம்பிளை உடம்பு, மகளைக் கட்டிக்குடுக்க வேண்டும், யோசித்துச் செய் என்றார். கிட்னி கொடுக்க ஏலாத அவருடைய அண்ணன்மார் எல்லாம், என்னிடம் எடுக்கக்கூடாது என்று புத்தி சொன்னார்கள். என் மனுசனே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேண்டாம் என்றார். இந்த நாட்டுச் சட்டப்படி நீதிபதிக்கு முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். மகள்தான் மொழிபெயர்த்தாள். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று அந்த நீதிபதி அம்மா கேட்டார். கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லை, தடுக்கத்தான் எல்லாரும் இருக்கிறார்கள் என்றேன். மகள் அதைச் சொல்ல முன்னமே அந்த அம்மாவுக்கு என் முகத்தில் விளங்கிவிட்டது. கையெழுத்து வைத்தார்.

குசினியில் செய்தியைச் சொன்னபோது மஷ்கியா இரண்டு கையையும் தூக்கிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“கிட்னி என்னுடையது. வெட்டப்போவது என் விலாவை. நன்றியை மட்டும் அவர் வாங்குவாரோ?”

 கடவுளைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றி ஒன்று சொல்லலாமா என்று அவர் கேட்டார். ஐந்து வயதிலிருந்து அந்தச் செபத்தைச் சொல்கிறாராம். வாய் சொல்லும், மனம் பேருந்தைப் பற்றி நினைக்கும். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, அடைபட்டால் என்ற சொல்லுக்கு வரும்போது செபம் அங்கேயே நின்றுவிடுகிறதாம். “உங்கள் கணவரைக் கடக்காமல் அந்தச் சொல்லைக் கடக்க முடியவில்லை” என்றார். இப்போது ஒரு தடவை சொல்லி முடிக்க நெடுநேரம் ஆகிறது, தான் கழிப்பறையடியில் நித்திரை கொள்வதாகப் பத்ரோன் நினைக்கிறார் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அவருக்கு அவ்வளவு இலகுவாக விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை.

என்னையும் என் மனுசனையும் ஒரே காலையில் ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு நினைவு வந்தபோது மகள் தலைமாட்டில் நின்றாள். அப்பாவுக்குப் போகிறது, பையில் நிரம்புகிறது என்று பிரெஞ்சில் சொல்லி அழுதாள். மூன்று வருடம் இல்லாதது குழாய் வழியே இறங்கி, கட்டிலடியில் தொங்கிய பையில் மஞ்சளாக நிறைந்துகொண்டிருந்ததாம். தாதிமார் மணிக்கொரு தரம் அளந்து எழுதிக்கொண்டு போனார்களாம். இந்த முறை அளப்பது வேறு விதமாக இருந்தது.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து அவருடைய அறைக்குப் போனேன். தாதி பெரிய போத்தல் தண்ணீரை வைத்து, இனி நிறையக் குடிக்க வேண்டும், குடிக்கக் குடிக்கத்தான் புதிய கிட்னி வேலை செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கிளாசில் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார். நிறுத்தினார். கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிச்சத்தைப் பின்னேரத்துக்கென்று ஒரு கடதாசியால் மூடி மேசையில் வைத்தார். அந்தக் கடதாசி மூடிய அரைக் கிளாசைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை எந்தக் கடவுளும் தாங்கமாட்டார். குடிக்கலாமப்பா, முழுக்கக் குடிக்கலாம் என்று நான் சொல்ல வேண்டி இருந்தது. ஒரு மனுசனுக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று அனுமதி சொல்ல வேண்டி இருந்தது.

ஒரு கிழமைக்குப் பிறகு அவருடைய சலக் குழாயை எடுத்தார்கள். நான் அதற்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று பார்க்கப் போயிருந்தேன். அவர் மெதுவாக எழும்பி, மருந்துப் பை தொங்குகிற கம்பியைத் தள்ளிக்கொண்டு, தானே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்றேன். விலாவில் தையல் இழுத்தது. ஒரு சத்தமும் இல்லை. நேரம் போனது. பிறகு கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு ஒரே சீராக, ஆண்கள் நின்று பெய்கிற அந்தச் சாதாரணச் சத்தம். முந்தி, கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ என்று நான் எத்தனை தரம் ஏசிய சத்தம்.

நன்றி சொல்வதில்லை என்று தீர்மானித்துத்தான் நின்றேன். சொன்னால் முதலில் ஏச்சைத்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூன்று வருசம் எங்கை போனனீர், ஒரு மனுசனைப் போத்தலைப் பாக்க வைச்சீரே, வெக்கமில்லையோ உமக்கு என்று மெல்லிய குரலில் ஆண்டவரை ஏசினேன். ஏசி முடிந்தும் அந்தச் சத்தம் ஓயவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே, திறந்தீரே, அதுக்கு நன்றி என்றும் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. ஒன்றை விட்டு மற்றதைச் சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

கதவு திறந்தது. கண் சிவந்து நின்றார்.

“நீர் ஏன் இதிலை நிக்கிறீர்? ஆரோடை கதைச்சனீர்?”

ஒருத்தரோடும் இல்லை, போய்க் கையைக் கழுவுங்கோ என்றேன். கழுவிவிட்டு வந்தார். அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார். மேசையில் இருந்த கிளாசை எடுத்தார், பாதியில் நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்தார்.